ஏழு அ

ஆற்றுக்கு போர்டு எழுத வேண்டும் என்றபோது சிரித்துவிட்டேன்.
சங்ககிரியில் லாரிப் பின்பலகைக்கு எழுதிப் பழகிய கை.
ஓடுகிற வண்டிக்கு எழுதலாம்.
ஓடுகிற தண்ணீருக்கு?

தீயணைப்பு நிலையத்து இருதயசாமி சிரிக்கவில்லை.
"போன பதினெட்டு நோம்பிக்கு ஒரு போன்.
எங்கேன்னு கேட்டா எருமைப்பாறைங்கிறான்.
ஊஞ்சலூருக்கும் கொடுமுடிக்கும் நடுவுல
எருமைப்பாறை மூணு."
அதற்கு மேல் அவர் சொல்லவில்லை.

ஆகவே எண்கள்.
இரும்புக் குழாய், மேலே தகரம், மஞ்சளில் கறுப்பு.
ஓரத்தில் லாரி வாலுக்கு ஒட்டுகிற
சிவப்பு வெள்ளைப் பட்டை,
ராத்திரி டார்ச் பட்டால் முழிக்கும்.
சுழிக்கு ஒரு சுருள் வரைந்தேன்.
பரிசல் ஒதுங்க ஒரு வட்டம்.
மணல் அள்ளிய குழிக்கு
என்ன வரைவதென்று யாருக்கும் தெரியவில்லை.
குழி என்று எழுதினால்
தோண்டியது யார் என்று கேள்வி வருமாம்.
'ஆழம்' என்று எழுதினேன்.

"வெயில்காலத் தண்ணியப் பாத்து நடாதீங்க,
மேட்டூர் தொறந்தா
உங்க நம்பரை மீனுதான் படிக்கும்" என்றான் பொங்கியண்ணன்,
எங்களைப் பரிசலில் சுமந்தவன்.
வேலமரத்தில் தலைக்கு மேலே சிக்கியிருந்த
பாலித்தீன் பையொன்றைத் துடுப்பால் தொட்டுக் காட்டினான்.
அதற்கும் மேலே ஒரு முழம் விட்டு நட்டோம்.

எட்டாவது பலகையோடு இறங்கிய துறையில்
துணி பிழிந்துகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.
"எட்டு எங்க துறைக்கு வேண்டாமுங்."
பழனாத்தாள் தகரத்தை வாங்கி
முகம் தெரியாமல் மணலில் கவிழ்த்து வைத்தாள்.
"எங்க ஊட்டுக்காரர் வண்டி நம்பரைக் கூட்டினா எட்டு.
பவானிப் பாலத்துல என்ன ஆச்சுன்னு
யாரை வேண்ணாலும் கேளுங்."
இருதயசாமி வாதாடினார்.
ஒருத்தி சேலையை உதறினாள்,
அவர் சட்டை நனைந்தது.
பொழுது வேறு இறங்கிக்கொண்டிருந்தது.
நான்தான் சொன்னேன்:
ஏழு அ போட்டுடலாமுங்க.
பஸ்சுக்கு இருக்குது, கதவு நம்பருக்கு இருக்குது,
ஆத்துக்கு இருந்தா என்ன?

அந்த அ நன்றாக வந்தது.
சுழித்து, வயிறு கொடுத்து, கோட்டை நேராக இறக்கி.
தள்ளி நின்று பார்த்தேன், மறுபடி பார்த்தேன்.
அடுத்த துறைக்கு ஒன்பது.

ஆவணியில் தண்ணி செவந்து வந்த ஒரு மத்தியானம்.
பதிவான குரலை அப்புறம் ஒருநாள்
இருதயசாமி எனக்குப் போட்டுக் காட்டினார்.
ஒரு பையன். "ஏழு" என்கிறான்.
"ஏழு, அ... ஏழு... அ..."
காற்று. பின்னால் யாரோ கத்துகிறாள்.
போனை எடுத்தவருக்கு அது எழுத்தாகக் கேட்கவில்லை.
யாருக்குக் கேட்டிருக்கும்?

படகு ஏழுக்குப் போனது.
ஏழில் ஒரு நாயும்
பாறையில் காயப்போட்ட பாயும் இருந்தன.
வளைவு சுற்றி ஏழு அ-வுக்கு
ஆறு நிமிடம்.

முங்கியவர்கள் இரண்டு பேர்.
ஒருவனைப் பொங்கியண்ணன் தலைமுடியைப் பிடித்து
பரிசலுக்குள் இழுத்துவிட்டான்.
இன்னொருவன் பழனாத்தாளின் தங்கை மகன்,
காங்கேயத்திலிருந்து லீவுக்கு வந்தவன்.
மறுநாள் விடிய
பதினொன்றில் கிடைத்தான்.
அப்படித்தான் சொன்னார்கள் எல்லோரும்,
டீக்கடையில், போலீஸ் தாளில்,
பதினொன்றில்.
எருமைப்பாறை என்று ஒருவரும் சொல்லவில்லை.

காரியம் முடிந்த பிறகு பெயின்ட் டின்னோடு போனேன்.
யாரும் கூப்பிடவில்லை.
அ-வைச் சுரண்டினேன்.
நல்ல பெயின்ட், நானே வாங்கியது,
லேசில் போகவில்லை.
ஏழையும் சுரண்டி
மஞ்சள் பூசிக் காயவிட்டு உட்கார்ந்திருந்தபோது
படியிறங்கி வந்தாள் பழனாத்தாள்.
வேண்டாம் என்பாள் என்று
பிரஷ்ஷைக் கீழே வைத்தேன்.

ஏணி மணலில் ஒரு பக்கமாகப் புதைந்து
ஆடிக்கொண்டிருந்தது.
இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.
"எட்டைச் சித்தெ பெருசாவே எழுதுங்" என்றாள்.